எழுத்தும் உடையும்

உடை மாறினும் ஆள் மாறுவதில்லை. கணினியில் எழுதப்படும் தமிழும் அவ்வாறே நிலைத்தல் வேண்டும். ஆயின், இம்மலருக்குக் கட்டுரைகள் திரட்டியபோது அதற்கு மாறானதொன்றைக் கண்டோம். பசறைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, எம் கல்லூரியிற் கற்ற பழைய மாணவர் ஒருவர், லயத்து வாழ்வைப்பற்றிப் பல்லாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த நினைவுகளை அவர்தம் மகனார் அனுப்பியிருந்தார். எழுதியவர் இன்றில்லை. கோப்பைத் திறந்தபோது தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிரம்பியிருந்தன.

காரணம் இதுவே. இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமைத்தது. அதில் 'தமிழ்' என்று தட்டச்சுச் செய்தால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. பாமினி இல்லாத கணினியில் அவ்வுடை கழன்றுவிடும். ஒருங்குறியோ 1991ஆம் ஆண்டிலேயே தமிழெழுத்துகளுக்குத் தனியெண்கள் வகுத்தது. அதில் அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி எனத் தமிழாகவே நிற்கும். எழுத்துரு எதுவாயினும் சொல் கெடாது.

பாமினிக் கோப்பை மாற்றுச் செயலிகள் ஒருங்குறியாக்கித் தரும். ஆயினும் இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழெனக் கருதிக் குலைத்துவிடக்கூடும்; ஆதலின் ஒருவர் வரிவரியாக ஒப்புநோக்கல் இன்றியமையாதது. அந்நினைவுகளை நாம் இவ்வாறே மீட்டோம்.

இனி, மீட்ட உரைக்கு உடை அணிவித்தல். தலைப்புதோறும் கையால் எழுத்தைப் பெருப்பித்துத் தடிப்பாக்குவது வீண்வேலை, ஒருமைப்பாடும் இராது. உரையை அலங்காரமற்ற வெற்றுரையாக வைத்து, தலைப்பின் முன் '#' குறியும், அழுத்தவேண்டிய சொல்லின் இருமருங்கும் உடுக்குறியும் இடுதல் நன்று. 2004இல் தோன்றிய மார்க்டவுன் முறை இதுவாகும். பேண்டாக் என்னும் இலவசச் செயலி அக்குறிகளைக் கண்டு, சொற்செயலிக்குரிய ஆவணத்தை ஆக்கும்.

அவ்வாவணத்தின் தோற்றத்தை நாமே வகுக்கலாம். பேண்டாக் தரும் மாதிரி ஆவணத்தை வேர்டில் திறந்து, தலைப்பு, உடலுரை முதலிய பாணிகளைத் திருத்திச் சேமித்து, மாற்றும்போது அம்மாதிரியைச் சுட்டினாற் போதும். மாதிரியின் உடற்பகுதியிலுள்ள சொற்களைச் செயலி கொள்ளாது. பாணிகளையும் பக்க அளவையும் ஓரங்களையும் கொள்ளும்.

ஈண்டுப் பலர் இடறுவர். பாணியில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறாதிருக்கும். ஏனெனில், வேர்ட் ஒவ்வொரு பாணியிலும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும், தமிழ், அரபு முதலியவற்றுக்கு வேறோர் எழுத்துருவும் வைத்திருக்கின்றது. 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் பகுதியிலேயே லதாவோ நிர்மலாவோ குறித்து, எழுத்தளவையும் அங்கேயே தனியே தரல் வேண்டும். லிப்ரே ஆபிஸிலும் இப்பிரிவினை உண்டு.

பண்டாரவளையிலிருந்தும் கடல்கடந்தும் வரும் கட்டுரைகள் யாவும் இவ்வாறு ஒரே மாதிரியால் ஒரே கோலம் பெறும். நாளை அக்கோலம் மாறலாம், மாறட்டும். தோட்டத்து முதியோரின் சொற்களைக் கேட்டெழுதும் மாணவர்கள் அவற்றை ஒருங்குறியில், வெற்றுரையாக ஒரு படியேனும் வைத்திருப்பாராக. உடையைப் பின்னர் தைத்துக்கொள்ளலாம். சொல் போயின், சொல்லியவரை மீண்டும் எங்கே தேடுவோம்?