முயலுக்கு எத்தனை கால்?



'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. முயலைக் கையில் வைத்துக்கொண்டே அதன் காலை எண்ண மறுப்பவனை அது சுட்டுகிறது. இன்று நான் பேசப் போவதும் முயலைப் பற்றித்தான். முயல் வளர்ப்போருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே எழும் வழக்குகள் எத்தகையவை, சட்டம் அவற்றில் எங்கே வந்து நிற்கிறது, அவற்றைத் தீர்க்க அறிவு எவ்வாறு துணை செய்கிறது என்பனவற்றை, எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டே விளக்க முற்படுகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் காலை எண்ண மறுத்தவன் நானே என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வயல் பொய்க்கும்; ஆதலின் நம் மக்கள் தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சுத் தொழிலையும் நம்பி வாழக் கற்றனர். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு பட்டாசு ஆலையில் வேலை செய்து வந்தார். தீபாவளி முடிந்ததும் ஆலைகளில் சில வாரங்கள் வேலை இராது. அந்த நாள்களில் அடுப்பெரிய வேண்டுமே என்று, அவரும் அவர் மனைவியும் கொல்லையில் முயல் வளர்க்கத் தலைப்பட்டனர். பத்து முயல்கள் சில மாதங்களில் அறுபதாயின.

ஒரு நாள் அவர் கையில் ஒரு தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். அடுத்த வீட்டுப் பெரியவர் உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பிய புகாரின் படி அது. அதில் நான்கு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்க்கிறார். இரண்டு, அவற்றைக் கூண்டில் அடைத்து வதைக்கிறார். மூன்று, நாற்றமும் ஈயும் பொறுக்க முடியவில்லை. நான்கு, உலர்ந்த புல்லைச் சுவரோரம் குவித்து ஊருக்கே ஆபத்து விளைவிக்கிறார். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று ஒருவர் வந்து வாய்மொழியாகச் சொல்லிச் சென்றாராம்.

நான் உடனே பேனாவை எடுத்தேன். ஏழையின் பிழைப்பைக் கெடுப்பது தகுமா என்று இரண்டு பக்கம் காரசாரமாக எழுதி முடித்தேன். எழுதியதை என் மாணவர் படித்து மகிழ்ந்தார். உடன் வந்திருந்த அவர் மனைவியோ, "ஐயா, அனுப்புறதுக்கு முன்னே ஒரு தடவை எங்க கொல்லையை வந்து பாருங்க" என்றார். மறுநாள் சென்று பார்த்தேன். பார்த்து வந்ததும் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஏன் என்பதை, அந்த நான்கு குற்றச்சாட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கூறுகிறேன்.

முதலாவது, காட்டு முயல் என்பது. நம் மொழியில் முயல் என்னும் ஒரே சொல்லால் இரண்டு வேறு உயிர்களைக் குறிக்கிறோம். குழப்பம் அதில்தான் தொடங்குகிறது. நம் கரிசல் காட்டுப் புதர்களில் துள்ளி ஓடும் முயல் இம்மண்ணில் இயல்பாக வாழ்வது. அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே சிறு பள்ளத்தில் பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே உடல் நிறைய மயிரோடும், திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டில் வளர்க்கும் முயலோ ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழி வந்தது. குழிமுயல் என்று அதனைச் சொல்லலாம். அதன் குட்டி மயிரின்றிக் கண் மூடிய நிலையில் பிறக்கும்; கண் திறக்க ஏறக்குறையப் பத்து நாள் ஆகும். தாய் தன் மார்பு மயிரைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை அமைக்கும். காட்டு முயலின் உயிரணுவில் 48 நிறப்புரிகள், குழிமுயலுக்கு 44. இவ்விரண்டும் கலந்து இனம் பெருக்குவதில்லை.

காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வளர்ப்பு முயலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களிலேயே வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முதலிய முயல் இனங்களை வளர்த்து வந்திருக்கிறார்கள். நான் கொல்லையில் பார்த்தவை வெள்ளை முயல்கள். பெட்டிக்குள் கண் திறவாத குட்டிகள் கிடந்தன. ஆகவே முதற் குற்றச்சாட்டு தவறு.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். உணவுக்காக வெட்டத்தக்க விலங்குகள் எவை என 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் வரையறுத்தபோது செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம் ஆகியவற்றோடு கோழியினமும் மீனும் அதில் இடம் பெற்றன. முயல் இடம் பெறவில்லை. பட்டியலில் இல்லாததை வெட்டலாகாது என்று 2014ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தெளிவுபடுத்தவே, கேரளத்தில் முயல் வளர்த்தோர் பெரும் இடருக்கு ஆளாயினர். முயல் அப்படியேதான் இருந்தது. பட்டியலில் ஒரு சொல் இல்லாமையால் அதற்குச் சந்தை இல்லாமற் போயிற்று. பின்னர், அங்கீகரிக்கப்பட்ட பண்ணைகளில் வளர்ந்த வீட்டு முயல் என்னும் சொற்கள் சேர்க்கப்பட்ட பிறகே வழி திறந்தது. எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும், அது எதை 'விலங்கு' என்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இடமும் அவ்வாறே முதன்மையானது. 1859ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டஜன் அளவு முயல்களை விட்டார். அவை கோடிக்கணக்காய்ப் பெருகிப் பயிரையும் மேய்ச்சலையும் அழித்தன. 1901 முதல் 1907 வரை முயலைத் தடுக்க நெடுவேலி போட்டுப் பார்த்தார்கள். 1950இல் முயலைக் கொல்லும் நோயையே பரப்பினார்கள். அந்நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இன்றும் வீட்டில் முயலை வளர்ப்பது குற்றம். நம் நாட்டிலும் ஊருக்கு ஒரு முறை உண்டு. நகர்ப்புறங்களில் விலங்கு, பறவை வளர்ப்பைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. ஊராட்சியில் வாழ்பவருக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் உண்டு. நம் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பது தெரியாமல் விதியைப் பற்றி வாதிடுவது வீண்.

இரண்டாவது குற்றச்சாட்டு வதை. மதுரையில் பிறந்தவரும், மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தவருமான ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று பாடுபட்டதன் பயனாக 1960ஆம் ஆண்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. கூண்டில் வைப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. நியாயமான அளவு அசைவதற்கு இடமளிக்காத உயரமும் நீளமும் அகலமும் உள்ள கூண்டில் வைப்பதையே குற்றமாக்குகிறது. என் மாணவரின் கூண்டுகள் பத்து முயலுக்குப் போதுமானவை, அறுபதுக்குப் போதா. அவற்றின் மேல் தகரக் கூரை வேறு. முயலுக்கு வியர்வை வழியே வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றல் இல்லை. பெரும்பாலும் காதுகளின் வழியாகவே அது உடற் சூட்டை வெளியேற்றுகிறது. 30 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் அது துன்புறும். ஆண் முயல் சிறிது காலம் இனம் பெருக்கும் ஆற்றலையும் இழக்கும். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் என்ன நேரும்? இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருந்தது.

மூன்றாவது நாற்றம். அது முழு உண்மை. முயலின் புழுக்கை உலர்ந்தது. அதனால் அதிக நாற்றம் இல்லை. நாற்றத்துக்குக் காரணம் சிறுநீர். அதில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா ஆவி எழுகிறது. ஈரம் இருந்தால் இவ்வேலை விரைவாக நடக்கும். என் மாணவர் சுத்தம் என்று எண்ணிக் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி வந்தார்! அந்த நீர் மண்ணில் ஊறி, பெரியவரின் சன்னலுக்குக் கீழே தேங்கியது. அவர் நாற்றம் என்று எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. கூண்டை உயர்த்திக் கட்டி, கீழே சரிவான தகடு பொருத்திச் சிறுநீரைத் தனியே பிரித்து, புழுக்கையை அன்றாடம் கூட்டி எடுத்து மூடிய குழியில் உரமாக்கினால், நீர் ஊற்றாமலே நாற்றம் அடங்கும்.

நான்காவது புல். பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கொட்டகைக்கும் மறு கொட்டகைக்கும் இடையே எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதை வெடிபொருள் விதிகள் வகுத்துள்ளன. அந்த இடைவெளியைப் புறக்கணித்ததால் நேர்ந்த துயரங்களை நாம் ஆண்டுதோறும் கேட்டு வருந்துகிறோம். நாள்தோறும் அந்த விதிக்குள் வேலை செய்து வந்த என் மாணவர், வீட்டுக்கு வந்ததும் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டியே உலர்புல்லை ஆள் உயரம் அடுக்கியிருந்தார். அடுத்த பக்கத்தில் பெரியவரின் அடுக்களை. "ஆலையில் இப்படி வைப்பாயா?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார்.

ஆக, நான்கில் ஒன்று தவறு, ஒன்று பாதி உண்மை, இரண்டு முழு உண்மை. புகார் எழுதியவர் நான்கும் உண்மை என்றார். என் மாணவர் நான்கும் பொய் என்றார். நானோ பார்க்காமலே பதில் எழுதினேன்.

அப்படியானால் ஒரு வாரத்தில் எல்லா முயலையும் அப்புறப்படுத்து என்று சொன்னது சரியா? அதுவும் சரியன்று. பலருடைய உடல்நலத்துக்கோ வசதிக்கோ கேடு செய்யும் தொழிலைச் சட்டம் பொதுத் தொல்லை என்கிறது. அதை நீக்குவதற்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு வழி சொல்கிறது. அதற்கு முன் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இருந்தது. அதன்படி நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை ஒன்றைப் பிறப்பிப்பார். 'இன்ன நாளுக்குள் இதைச் செய். செய்ய வேண்டியதில்லை என்று கருதினால் வந்து காரணம் காட்டு' என்பதே அந்த ஆணையின் வடிவம். மறுமொழி கூற இடமளித்த பிறகே அது உறுதியாகும். வாய்மொழிக் கட்டளைக்கு அந்த நிலை இல்லை. எழுத்தில் கேட்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை.

புகார் என்றாலே எளியவரை நசுக்கும் கருவி என்றும் கருதலாகாது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் சாக்கடை நாற்றத்தைப் பொறுக்க மாட்டாத மக்கள் இதே 133ஆம் பிரிவின்படி நகராட்சியின் மீதே முறையிட்டனர். பணமில்லை என்னும் சாக்குப் போக்கை ஏற்காமல், 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அம்மக்களின் பக்கம் தீர்ப்பளித்தார். நாற்றத்தைப் பற்றிய எளிய புகார் ஒரு நகரத்துக்குச் சாக்கடை வசதியைத் தேடித் தந்தது.

நாங்கள் வழக்குமன்றம் போகவில்லை. மாணவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றேன். "அண்ணாச்சி, நாற்றமும் புல்லும் எங்கள் பிழை, காட்டு முயல் என்றது மட்டும் உங்கள் பிழை" என்றேன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் நாளே அவன் வந்து சொல்லியிருந்தா நான் ஏன் எழுதப் போறேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. நீளக்கோல் கொண்டு அளந்தோம். கூண்டுகளைக் கொல்லையின் மறுகோடிக்கு மாற்றுவது, கூரைக்குத் தென்னங்கீற்று வேய்வது, புல்லைச் சுவரிலிருந்து விலக்கி அன்றாடத் தேவைக்கு மட்டும் வைப்பது, முயலின் தொகையை இருபத்தைந்துக்குள் நிறுத்துவது என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டு அலுவலகத்தில் கொடுத்தனர். வருமானம் குறைந்ததென்னவோ உண்மைதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பிழைப்பு நின்றது.

அந்த ஆண்டு தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் மிரண்டு ஒரு தாய் முயல் தன் குட்டிகளையே மிதித்துக் கொன்றுவிட்டது. அதற்கு யார் மீது புகார் எழுதுவது? முயலின் சூற்காலம் 30 அல்லது 31 நாள். தீபாவளி வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முந்தைய நாள்களில் இணை சேர்க்காமல் இருந்தால், அந்த வாரத்தில் எந்தத் தாயும் ஈனாது. நாள்காட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டவர், படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்ட அந்த மனைவிதான். அடுத்த ஆண்டு ஒரு குட்டியும் சாகவில்லை.

மாணவ மணிகளே, நாளை உங்களிலும் சிலர் புகார் எழுதுவீர்கள். சிலர் மீது புகார் வரும். சிலர் அதை விசாரிக்கும் அலுவலராகவும் அமர்வீர்கள். எவ்விடத்தில் இருந்தாலும் முதலில் சென்று பாருங்கள். பொருளின் பெயரையும் இடத்தின் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். நாற்றம் என்றால் எங்கிருந்து, ஆபத்து என்றால் எத்தனை அடியில் என்று அளந்து எழுதுங்கள். அதற்குப் பின் சினம் கொள்ள வேண்டியிருந்தால் கொள்ளலாம். பெரும்பாலும் வேண்டியிராது.