பதினாறாம் நாளுக்குப் பிறகு

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காபியாவது குடிக்கவைக்க யாரோ இருந்தார்கள். பால் தெளிப்பதிலிருந்து கருமாதி வரை நம் சடங்குகள் எல்லாமே துக்க வீட்டுக்கு ஆட்களை வரவழைக்கும் ஏற்பாடுகள். கருமாதிக்கும் முதல் திவசத்துக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 11 மாதங்களில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் போவது பைத்தியக்காரத்தனமும் இல்லை, கௌரவக் குறைச்சலும் இல்லை.

எல்லாருக்கும் சிகிச்சை தேவையா?

தேவையில்லை. அழுகை, தூக்கமின்மை, பசியின்மை, இறந்தவர் கூப்பிடுவதுபோல் காதில் கேட்பது எல்லாம் துக்கத்தில் இயல்பு. மாதங்கள் போகப்போகப் பெரும்பாலோர் வேலைக்கும் பேச்சுக்கும் மெல்லத் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் இறந்தவர்மேல் உள்ள ஏக்கம் முதல் வாரத்தில் இருந்த அதே வேகத்தில் நீடிக்கிறது. சமையல், வேலை, பிள்ளைகள் எதிலும் கை ஓடுவதில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று தனியாகச் சேர்த்திருக்கிறது. குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், அந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தையும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது.

உதவி கேட்க இந்தக் கெடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், விபத்தில் இழந்தவர்கள், கொரோனா காலத்தில் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அனுப்பிவைத்தவர்கள் முன்கூட்டியே போகலாம். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்துக்குத் துக்கத்தோடு போலீஸ் விசாரணையும் ஊர்ப்பேச்சும் சேர்ந்துகொள்கின்றன. வெளியே சொல்ல முடியாத அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வெளி ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

“நானும் போயிடலாம்போல இருக்கு” என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், அவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இருக்கும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சில வாரப் பயிற்சியோடு ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். கையில் பணம் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது.

“நாளைக்கு வீட்டில் பெண் பார்க்க வரும்போது தெரிந்துவிட்டால்?” என்பது பலரின் பயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியது

துக்கத்தில் இருப்பவர்களோடு இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேளுங்கள். நல்ல ஆலோசகர் இறந்தவரின் பெயரைக் கேட்பார், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லவைப்பார், நீங்கள் அழும்போது அவசரப்படுத்த மாட்டார். “மறந்துவிடுங்கள்”, “பிள்ளைகளுக்காகத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்பவரிடம் மறுபடி போக வேண்டாம். அதைச் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே.

“நீங்கள் இப்போது துக்கத்தின் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறீர்கள்” என்று சொல்பவரிடமும் கவனம் தேவை. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய அந்த ஐந்து கட்டங்கள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்து வந்தவை. இழந்தவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் நடப்பதில்லை. 1999இல் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் முன்வைத்த கருத்து நம் அனுபவத்துக்கு நெருக்கமானது: மனம் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே போய்ப்போய் வரும். காலையில் படத்தைப் பார்த்து அழுதவர் சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் நின்று சிரித்துப் பேசினால் அது துரோகம் ஆகாது.

என்ன நடக்கும்?

அமெரிக்காவில் மனநல மருத்துவர் கேத்ரின் ஷியர் உருவாக்கிய துக்கச் சிகிச்சை 16 அமர்வுகள் கொண்டது. மரணம் நடந்த அந்த நாளைப் பாதுகாப்பாக மறுபடி சொல்லவைப்பது, ஒதுக்கிவைத்த அறை, போகாமல் தவிர்க்கும் தெரு என்று ஒவ்வொன்றாக எதிர்கொள்ளவைப்பது, இறந்தவரோடு மனதுக்குள் பேசவைப்பது இதன் பகுதிகள். ஒப்பாரி வைத்த நம் பாட்டிகள், செத்தவரை நேரே விளித்துப் பாசத்தையும் ஆத்திரத்தையும் கொட்டினார்கள். ஃப்ரீசர் பெட்டியும் மின்மயானமுமாக அரை நாளில் முடிந்துபோகும் நகரத்துச் சாவில் அதற்கு நேரமே இல்லை. விட்டுப்போன அந்தப் பேச்சுக்கு ஆலோசகரின் அறையில் இடம் கிடைக்கிறது. ஷியர் குழுவினரின் 2016 ஆய்வில், மனச்சோர்வு மாத்திரை துக்கக் கோளாறைத் தனியாகக் குறைக்கவில்லை. துக்கச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வு குறைய உதவியது. அதனால் மாத்திரை மட்டும் போதும் என்று நின்றுவிட வேண்டாம், எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மூன்று நான்கு தடவை போயும் மனம் ஒட்டவில்லையென்றால் ஆலோசகரை மாற்றலாம்.

கூட இருப்பவர்களுக்கு

துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு போன் போடக்கூடத் தெம்பு இருக்காது. நம்பரை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். நீங்களே நேரம் வாங்குங்கள். “அக்கா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆட்டோவோட வர்றேன், ரெண்டு பேரும் போயிட்டு வந்திடலாம்” என்று சொல்லுங்கள். அவர் உள்ளே பேசும்போது வெளியே காத்திருங்கள். திரும்பும் வழியில் என்ன பேசினார் என்று கேட்க வேண்டாம். அடுத்த தடவை எப்போது வரச் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துவையுங்கள்.