மே 29: ஒரே திகதியில் வந்தவையும் ஒன்றையொன்று தொடர்ந்தவையும்

பாடசாலைக் காலைக்கூட்டங்களில் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மே 29 வந்தால் எங்கள் பிள்ளைகள் தவறாமல் வாசிக்கும் செய்தி ஒன்றுண்டு. 1453ஆம் ஆண்டு இதே நாளில், 21 வயதேயான உஸ்மானிய சுல்தான் இரண்டாம் முஹம்மத், 53 நாள் முற்றுகைக்குப் பின் கொன்ஸ்தாந்திநோபிளை வென்றார். கொஞ்சம் தேடிப் படிக்கிற பிள்ளை இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும்: சரியாக 500 ஆண்டுகள் கழித்து, 1953 மே 29இல், டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள்.

அதே திகதியில் எங்கட கண்டியில் நடந்ததை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

1915 மே 28 வெசாக் பௌர்ணமி. அன்றிரவு பக்திப் பாடல் பாடியபடி ஊர்வலமாக வந்த கூட்டத்துக்கும் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலில் இருந்தோருக்குமிடையே மோதல் மூண்டது. நள்ளிரவு தாண்டி 29 பிறந்தபோது பள்ளிவாசலும் அயற்கடைகளும் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன. சில நாட்களில் அது கொழும்பு வரை பரவி, ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அரசாங்கக் கணக்கின்படி கலவரக்காரரால் கொல்லப்பட்டோர் 25 பேர். சூறையாடப்பட்ட கடைகள் 4,075. எரிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 17, சேதமாக்கப்பட்டவை 86. பின்னர் இராணுவச் சட்டத்தின் பேரில் ஆங்கிலேயர் நடத்திய கொடுமையில் சிங்கள மக்கள் பலர் உயிரிழந்தனர். ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: “சேர், ஸ்தான்பூல் நம்மட கைக்கு வந்த அதே நாளிலயா இதுவும் நடந்திச்சு? அப்ப ரெண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கணுமே?”

இந்தக் கேள்வி புதிதல்ல. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். துக்கத்தின் நடுவிலும் தற்செயலைத் தற்செயல் என்றே சொன்ன வழிகாட்டல் அது. நம்மவர்களில் சிலர் இன்னும் ஸபர் மாதத்து ஒடுக்கத்துப் புதனுக்குப் பயப்படுவது வேறு கதை.

மேலும், அந்த இரண்டும் உண்மையில் ஒரே நாள்தானா? 1453இல் ஐரோப்பா பின்பற்றியது ஜூலியன் நாட்காட்டி. அதன் பிழையைத் திருத்துவதற்காக 1582இல் ஒக்டோபர் 4ஐ அடுத்து ஒக்டோபர் 15 என்று எண்ணி கிரகோரியன் நாட்காட்டியைத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் சுல்தான் நகருக்குள் நுழைந்தது ஜூன் 7. ஹிஜ்ரியில் பார்த்தால் அது 857 ஜமாதுல் அவ்வல். கண்டிக் கலவரமோ 1333 ரஜப் மாதத்தின் நடுப்பகுதி. நம்முடைய நாள் மஃரிபோடு தொடங்குவதால், 28ஆ 29ஆ என்ற குழப்பமும் இல்லை. அந்த இரவு முழுவதும் ஒரே நாள்தான்.

ஆகவே 1915இன் நாளைத் தீர்மானித்தது மே 29 என்ற எண் அல்ல. வெசாக் பௌர்ணமிதான் மக்களை வீதிக்குக் கொண்டுவந்தது. ஆனால் வெசாக் ஒவ்வோர் ஆண்டும்தான் வருகிறது. அந்த ஆண்டு மட்டும் ஏன் நெருப்பானது? அதை அறிய, அதற்கு முந்திய திகதிகளைப் பார்க்க வேண்டும்.

1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. பௌத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும் காப்பதாக அதன் 5ஆம் பிரிவு உறுதியளித்தது. சுமார் ஒரு நூற்றாண்டின் பின், கம்பளை அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலை அண்மித்து வாத்தியம் இசைக்காமல் பெரஹரா செல்ல வேண்டுமென்று அதிகாரிகள் நிபந்தனை விதித்தார்கள். வல்லஹகொட தேவாலயத்தின் பஸ்நாயக நிலமே அதே 5ஆம் பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்தார். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அடுத்து வந்த வெசாக்கில் கண்டி எரிந்தது.

பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே ஏறக்குறைய நான்கு மாதங்கள் இருந்தன. பேசவும் விட்டுக்கொடுக்கவும் பாதுகாப்பை ஏற்பாடு செய்யவும் போதுமான காலம் அது. 2018இலும் இதே மாதிரி ஒரு தொடர் உண்டு. பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் ஒரு சாரதி தாக்கப்பட்டார். மார்ச் 3இல் அவர் இறந்தார். மார்ச் 5இல் திகன எரிந்தது. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. இங்கே இடைவெளி இரண்டு வாரம்கூட இல்லை.

ஒரே திகதியில் நடந்தவற்றை அடுக்கினால் சம்பந்தமில்லாதவை பக்கத்தில் வந்து நிற்கும். ஞாபகம் வைத்துக்கொள்ள அது உதவும், அவ்வளவுதான். ஒன்றையடுத்து ஒன்றாக நடந்தவற்றை அடுக்கினால், எந்த நாளில் யார் என்ன செய்திருக்கலாம் என்பது தெரியவரும்.

வெசாக்கும் ஹிஜ்ரி மாதங்களும் பிறையைப் பின்பற்றுவதால், வெசாக் பௌர்ணமி எப்போதும் ஏதாவதொரு ஹிஜ்ரி மாதத்தின் நடுப்பகுதியில்தான் வரும். 32, 33 ஆண்டுகளுக்கொருமுறை அந்த மாதம் ரமழானாகவும் அமையும். 2019இல் அப்படித்தான் வந்தது, ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத வேளையில். வெசாக் கூடுகளும் தராவீஹ் தொழுகையும் ஒரே வீதியில், ஒரே இரவில் சந்திக்கும் நாட்கள் இனியும் வரும். அவை எந்தெந்த ஆண்டுகளில் வரும் என்பதை இன்றே கணித்துவிடலாம். பள்ளிவாசல் நிர்வாகமும் விகாரையின் தாயக சபையும் அதற்குச் சில மாதம் முன்பே ஒன்றாக உட்கார்ந்து பேச, அந்தக் கணக்கு போதும்.