ஒரு அசைன்மென்டுக்கு 20 நிமிசம்

இந்தக் கிழமை எபிசோட்டில புரொடக்டிவிட்டி ஆப்புகளைப் பற்றிக் கதைச்சம். அதில சொல்லாமல் விட்ட ஒண்டை இங்க எழுதுறன்.

நான் ஒரு யூனியில கம்பியூட்டிங் படிப்பிக்கிறன். எட்மண்டன் கிரீனில வீடு. “நிண்டு கதைக்கிற வேலைக்கு என்னடா ஸ்ட்ரெஸ்?” எண்டு அம்மா கேட்பா.

இங்க பல யூனிகளில விரிவுரையாளரின்ர வருசத்தைப் பிரிக்கிறது ‘வொர்க்லோட் மொடல்’. உள்ளுக்க பார்த்தா பெரும்பாலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தான். 1992இல் பல்கலைக்கழகமான பொலிடெக்னிக்குகளின் தேசிய ஒப்பந்தத்தில் வகுப்பு நேரத்துக்கு எல்லை இருக்கு: கிழமைக்கு 18 மணித்தியாலம், வருசத்துக்கு 550. (பொண்டர்ஸ் எண்டில முந்தி கம்பஸ் வைச்சிருந்த மிடில்செக்ஸும் அப்படி வந்ததுதான். நான் வேலை செய்யிறது வேற இடம்.) ஆனா வகுப்புக்கு வெளியில நடக்கிறது?

என்ர ஷீட்டில ஒரு அசைன்மென்ட் திருத்த 20 நிமிசம். 120 பிள்ளைகள், 40 மணித்தியாலம். கோடை ஓடவிட்டு, பிழை எங்க எண்டு தேடி, விளங்கிற மாதிரி எழுத 35 நிமிசம் போகுது. அப்ப 70. மிச்ச 30 மணித்தியாலம் ராத்திரியிலயும் ஞாயிறிலயும். ஷீட்டில எல்லாம் பச்சை.

ஒருக்கா நானும் 20 நிமிசத்துக்குள்ள முடிச்சன். “லூப் சரியில்லை” எண்டு மட்டும் எழுதினன். சனி, ஞாயிறு கடையில வேலை செய்து படிக்கிற ஒரு பிள்ளை மெயில் போட்டா: “சேர், ஏன் சரியில்லை?” அண்டைக்கு நான் நல்ல புரொடக்டிவ்.

1979இல் ரொபர்ட் கராசெக் எண்ட ஆய்வாளர் சொன்னது இதுக்குப் பொருந்தும். வேலை கூடினா மட்டும் ஆள் உடையிறதில்லை. வேலையும் கூடி, அதை எப்படிச் செய்யிறதெண்டு முடிவெடுக்கிற உரிமையும் குறைஞ்சாத்தான் கஷ்டம். பிரிட்டிஷ் அரசின் ஹெச்.எஸ்.இ. வேலை அழுத்தத்துக்கு வைச்சிருக்கிற ஆறு அளவுகோலில ‘கட்டுப்பாடு’ ஒண்டு.

2023 ஏப்ரலில இருந்து செப்டெம்பர் மட்டும் விரிவுரையாளர் சங்கம் திருத்தலைப் புறக்கணிச்சது ஞாபகமோ? உங்களில சிலபேர் மார்க்ஸ் முழுசா வராமலே பட்டமளிப்புக்குப் போயிருப்பீங்கள். சம்பளத்தோட வேலைப்பளுவும் அந்தச் சண்டையில இருந்தது.

இப்ப ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் தொடக்க, முடிவு நேரத்தைப் பதிய ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறன். ஒரு டேர்ம் கணக்கை மனேஜரிட்டக் காட்டினன். “அடுத்த வருசம் பாப்பம்” எண்டார். அந்தப் பிள்ளைக்கு லூப்பை வீடியோ கோலில விளங்கப்படுத்தினன், 25 நிமிசம். அதையும் பதிஞ்சு வைச்சிருக்கிறன்.

ஸ்கிரிப்ட் வேணுமெண்டா இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ.