சிறுவனுக்கு ஒரு வேட்டை நாய்

அமெரிக்காவின் வட மாநிலங்களான மின்னசோட்டா, விஸ்கான்சின் முதலியவற்றில் இலையுதிர் காலம் என்பது வேட்டைக் காலமும் ஆகும். அரசாங்கத்திடம் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, குறித்த மாதங்களில், குறித்த எண்ணிக்கைக்கு மேற்படாமல் பறவைகளையும் முயல்களையும் சுடுவதற்கு அங்கே சட்டம் இடங்கொடுக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூடத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் பயிற்சி பெற்று, பெரியவர் துணையுடன் வேட்டைக்குப் போகிறார்கள். இரண்டொரு முறை போய்வந்த பிள்ளை, வீட்டுக்கு ஒரு வேட்டை நாய் வேண்டும் என்று அடம் பிடிக்கத் தொடங்குகிறான்.

தந்தைக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம். ஆண்டில் பத்துப் பதினைந்து நாள்கள்தான் அந்த நாய்க்கு வேட்டை இருக்கும். மற்ற முந்நூற்றைம்பது நாள்களும் அது தவழும் குழந்தைக்கும் தள்ளாத பாட்டிக்கும் நடுவே வீட்டில் படுத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் பிள்ளை மடியில் வைத்துக்கொள்ளும் குட்டி, அவனுக்கு இருபத்து நான்கு வயதாகும் வரையில் உயிரோடு இருக்கக்கூடும். படத்தையும் பளபளக்கும் ரோமத்தையும் பார்த்து வாங்கி, ஆறு மாதத்தில் அலுத்துப்போய், கொல்லைப்புறத்துச் சங்கிலியில் காலம் தள்ளும் நாய்கள் எத்தனையோ! எந்தக் குட்டியைத் தேர்ந்தெடுப்பது?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையைத் தடை செய்துவிட்டபடியால் இப்படி ஒரு தந்தை இங்கே தவிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கேள்விக்கு விடை தேடிப் போனால், உங்கள் தெருவில் பூனையைத் துரத்தும் நாயின் குணம்கூட விளங்கிவிடும்.

ஓநாயின் வேட்டை

எல்லா நாய்களும் ஓநாய் வழியில் வந்தவை. ஓர் ஓநாய் இரை தேடுவதைக் கவனித்தால், அதன் செயல்கள் ஒரு சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரியும். முதலில் இரை இருக்கும் திசையை உணர்ந்து திரும்புகிறது. பிறகு அசையாமல் உற்று நோக்குகிறது. பதுங்கி நெருங்குகிறது. துரத்துகிறது. கவ்வுகிறது. கொல்லும் கடி கடிக்கிறது. இறுதியில் கிழித்துத் தின்கிறது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் பணியாற்றிய ரேமண்ட் காப்பிங்கர் என்னும் உயிரியலார், பல வகை வேலை நாய்களை இந்தச் சங்கிலியோடு ஒப்பிட்டு ஓர் உண்மையை விளக்கினார். மனிதன் பல தலைமுறைகளாக நாய்களைத் தேர்ந்து இணை சேர்த்தபோது, இச்சங்கிலியின் சில கண்ணிகளைப் பெரிதாக்கினான். சிலவற்றை நலியச் செய்தான். சிலவற்றை அடியோடு அறுத்தே விட்டான். ஆகவே வேட்டை நாய் என்று ஒரே வகை கிடையாது. ஒவ்வோர் இனமும் ஓநாயின் வேட்டையில் ஒரு துண்டைத்தான் வைத்திருக்கிறது.

பாயிண்டர் என்னும் நாயைப் பாருங்கள். புதருக்குள் ஒளிந்திருக்கும் பறவையின் மணம் காற்றில் வந்ததும் அது அப்படியே சிலையாகி நிற்கும். ஒரு முன்னங்கால் மடங்கியிருக்கும். மூக்கு இரையை நோக்கி நீண்டிருக்கும். பாய்வதற்கு முன் ஓநாய் ஒரு கணம் தயங்குகிறதே, அந்தக் கணத்தைத்தான் மனிதன் பல நிமிடங்களாக நீட்டிவிட்டான். இப்படி இரையைக் காட்டி நிற்கும் நாய்களைத் துப்பாக்கி பரவுவதற்கு முன்பே, வலை வீசிப் பறவை பிடித்த காலத்திலேயே ஐரோப்பியர் வளர்த்தனர்.

ஸ்பானியல் நாய் நிற்காது. புதருக்குள் புகுந்து கலக்கிப் பறவையைக் கிளப்பிவிடும். ரிட்ரீவரோ, சுட்டு விழுந்த பறவையை வாயில் கவ்விக் கொண்டுவந்து எசமானன் கையில் கொடுக்கும். இந்தக் கவ்வலில் கொல்லும் கடி இல்லை. நல்ல ரிட்ரீவர் கொண்டுவரும் வாத்தின் மேல் பல் பதிந்திருக்காது. கொல்லும் கடி நலிந்துபோன நாய் தவழும் குழந்தையுள்ள வீட்டுக்கும் ஏற்றதாக இருப்பதில் வியப்பில்லை. ஆனாலும் எந்த நாயையும் கைக்குழந்தையோடு தனியே விட்டுப் போகலாகாது.

நமது தென்மாவட்டக் கரிசல் நிலங்களில் வளர்ந்த சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேறொரு துண்டின் வாரிசுகள். ஒடுங்கிய இடுப்பும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் கொண்ட இவை, மூக்கைவிடக் கண்ணையே பெரிதும் நம்பி, ஓடும் இரையை ஓடிப் பிடிக்கும். கிரேஹவுண்டும் இவ்வகையே. இவற்றுக்குப் பின்னால் துப்பாக்கியோடு போகிறவனுக்கு வேலையே இல்லை! நாயேதான் ஆயுதம். ஓடுகிற எதைக் கண்டாலும் துரத்தும் இவற்றின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல், கோழியைக் கடித்துவிட்டது என்று அடிப்பவர்களும் உண்டு. பாவம், அதன் பாட்டன் முப்பாட்டனைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே?

இரைக்கு ஏற்ற நாய்

ஆகவே தந்தை முதலில் கேட்க வேண்டியது, பையன் எதை வேட்டையாடப் போகிறான் என்பதுதான்.

முயல் என்றால் பீகிள். காதுகள் தொங்கும் சிறிய நாய் இது. உயரம் 38 சென்டிமீட்டருக்கு உட்பட்டது. மூக்கைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முயல் போன தடத்தை மோப்பம் பிடித்து, ஓலமிட்டுக்கொண்டே மெதுவாகத் தொடரும். முயலின் வேகத்துக்கு இது எப்படி ஈடு கொடுக்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஈடு கொடுக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் பஞ்சுவால் முயல் சில ஏக்கர் நிலத்துக்குள்ளேயே வாழ்வது. துரத்தினால் அது தன் இடத்தை விட்டு வெகுதூரம் போகாமல் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். எனவே சிறுவன் நின்ற இடத்திலேயே நின்று, நாயின் குரல் எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். குட்டைக் கால் பிள்ளைக்குக் குட்டைக் கால் நாய் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் மோப்பம் பிடித்துவிட்ட பீகிளின் காதில் எவர் கூப்பிட்டாலும் விழாது. வேலியில்லாத வீட்டுக்கும், ஓலத்தைப் பொறுக்காத அண்டை வீட்டாருக்கும் அது ஏற்றதல்ல.

மோப்பத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மணத்தை உணரும் ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுக்கள் நமக்குச் சுமார் 400 வேலை செய்கின்றன. நாய்க்கு ஏறத்தாழ இருமடங்கு. முகரும்போது நாய் ஒரு வினாடிக்கு ஐந்து முறை காற்றை இழுக்கிறது. வெளிவிடும் மூச்சோ மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கிப் போய்விடுவதால், முன்னே உள்ள மணம் கலைவதில்லை.

காட்டு வாத்து என்றால் லாப்ரடார். இதன் முன்னோர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வாழ்ந்த நீர்நாய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய் வளர்த்தனர்; 1903-இல் இங்கிலாந்தில் தனி இனமாக ஏற்றனர். எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமப் போர்வை குளிர்ந்த ஏரி நீரை உடம்பில் ஒட்டவிடாது. தடித்த வால் சுக்கான்போல உதவும். எல்லாவற்றையும் விட, தொலைவில் நின்று கையசைத்தால் திரும்பிப் பார்த்து, சொன்ன திசையில் போகும் பணிவு அதற்கு உண்டு. முதன்முறை துப்பாக்கி பிடிப்பவனுக்கு இது பெரிய காரியம். வெடி கேட்குமுன்னே பாய்ந்தோடும் நாய் குண்டு போகும் வழியில் குறுக்கிட்டுவிடலாம். 'உட்கார்' என்றால் உட்கார்ந்து, 'போ' என்றால்தான் போகும் நாயே பிள்ளைக்கும் நாய்க்கும் காவல்.

பெசன்ட் என்னும் பறவை சீனத்திலிருந்து 1880-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பறப்பதைவிட ஓடவே விரும்பும். ஆகையால் அதைக் கிளப்ப ஸ்பிரிங்கர் ஸ்பானியல் நல்லது. லாப்ரடாரும் ஓரளவு செய்யும். பாயிண்டர் அற்புதமான நாய்தான். ஆனால் நாளெல்லாம் ஓடப் பிறந்தது. பள்ளிக்குப் போகும் பையனால் அதை ஓட்டி முடியாது.

பெயர் மட்டும் போதுமா?

இவ்வளவும் படித்துவிட்டு, லாப்ரடார் என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபுப் பொருளையும் ஆராய்ந்தனர். நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதமே என்று தெரியவந்தது. பொருளைக் கவ்விக் கொண்டுவருதல், சொன்னபடி கேட்டல் போன்ற சிலவற்றில்தான் இனத்தின் முத்திரை ஓரளவு தெளிவாக இருந்தது. ஒரே இனத்திலும் கண்காட்சிக்கென்று வளர்த்த வம்சம் வேறு, வேட்டைக்கென்று வளர்த்த வம்சம் வேறு. ஆதலால் குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயையும் தந்தையையும் பார்க்க வேண்டும். கூடுமானால் அவை வேலை செய்வதையே பார்க்க வேண்டும்.

பெற்றோரின் மருத்துவச் சான்றுகளையும் கேட்டு வாங்க வேண்டும். லாப்ரடார்களில் சில, உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து, பத்து நிமிடத்தில் பின்னங்கால் துவண்டு விழுந்துவிடும். பெரும்பாலும் சற்று நேரத்தில் எழுந்துவிடும்; சில இறந்தும் போகின்றன. நடு ஏரியில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் கண்டுபிடித்தனர். நரம்பு முனைகள் இடைவிடாது செய்தி அனுப்புவதற்குத் துணைபுரியும் டைனமின் என்னும் புரதத்தில் அந்தக் கோளாறு இருக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்ற குட்டிக்கே இந்த நோய் வரும். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் நலமாகவே இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு நாய்கள் இணைந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட அதே கணக்கு! கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்துச் சோதித்தாலே இது தெரிந்துவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறுக்கோ எக்ஸ்ரே படம் வேண்டும். பெற்றோருக்கு இரண்டு வயது நிரம்பிய பிறகு எடுத்த படமே நம்பத்தக்கது.

இன்னொரு வேடிக்கையான மரபணுவும் உண்டு. லாப்ரடார் எப்போதும் பசி பசி என்று அலைவதை வளர்த்தவர் அறிவர். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரில், பசியடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணு ஒன்று சிதைந்திருப்பதைக் கண்டனர். உடல் ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கிய நாய்களைச் சோதித்தபோது, முக்கால் பங்குக்கு அந்தச் சிதைவு இருந்தது! ஒரு துண்டு ரொட்டிக்காக எதையும் கற்கும் நாய் பயிற்சியில் தேறுவதில் அதிசயமென்ன? ஆனால் அளவறிந்து ஊட்டாவிட்டால் கொழுத்துப்போகும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்கள் இரண்டிரண்டாக வளர்க்கப்பட்டன. ஒன்றைவிடக் கால் பங்கு குறைவாக உண்ட மற்றது, சராசரியில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம் கூடுதலாக வாழ்ந்தது.

முதல் பன்னிரண்டு வாரங்கள்

மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களை வைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்டனர். மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையே குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே தன் உலகமாக ஏற்கிறது என்பது அவர்கள் கண்ட முக்கிய முடிவு. அங்கே நடந்த ஒரு சோதனையில் பதினான்கு வாரம் மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குபோல மிரண்டன. ஆகவே கொட்டகையில் அடைத்து வளர்த்த உயர்ந்த வம்சக் குட்டியைவிட, சமையலறை ஓரத்தில் பிள்ளைகள் கையில் வளர்ந்த குட்டியே மேல். எட்டாம் வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

குட்டியின் முன் பறவைச் சிறகை ஆட்டிப் பார்த்து வேட்டைத் திறனை அளப்பதாகச் சிலர் சொல்வர். ஸ்வீடனில் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளுக்கு எட்டாம் வாரத்தில் வைத்த பரீட்சைகள், வளர்ந்தபின் அவை வேலைக்கு ஏற்றவையா என்பதை முன்கூட்டிச் சொல்லப் பயன்படவில்லை என்று 1998-இல் தெரிவித்தனர். எனவே மிரளாமல் வாலாட்டிக்கொண்டு வரும் குட்டியை எடுத்துக்கொண்டால் போதும்.

வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாய் வேட்டைக்கு உதவாது. அந்த அச்சம் பெரும்பாலும் மனிதன் உண்டாக்குவது. பக்கத்தில் நிற்கும் நாயின் காதில் துப்பாக்கி ஓசை 140 டெசிபலுக்கு மேல் தாக்கும். இதற்குப் பாவ்லவின் வழியே உதவுகிறது. மணியோசையும் உணவும் சேர்ந்து வந்தபோது மணியோசைக்கே அவருடைய நாய்க்கு உமிழ்நீர் ஊறியதல்லவா? குட்டி தின்னும்போதோ விளையாடும்போதோ, நூறு கெஜத்துக்கு அப்பால் ஒருவர் இரண்டு பலகைகளைத் தட்ட வேண்டும். குட்டி தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தால், மறுநாள் சற்று நெருங்கலாம். நிமிர்ந்து பார்த்துத் தயங்கினால், மீண்டும் தள்ளிப் போக வேண்டும். பலகைக்குப் பிறகு சிறு வெடி, அதன் பிறகே துப்பாக்கி. இதற்கு வாரக்கணக்காகும்.

வசந்த காலத்தில் வாங்கிய குட்டிக்கு முதல் வேட்டைக் காலம் வரும்போது ஏழெட்டு மாதம்தான் ஆகியிருக்கும். கால் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் அப்போது முற்றியிராது. ஆகவே அந்த ஆண்டு நீண்ட ஓட்டமோ ஐஸ் போன்ற ஏரி நீரோ கூடாது. பையன் ஒரு பழைய சாக்குத் துணியைச் சுருட்டிக் கட்டி, பின்முற்றத்தில் நாளுக்கு நாலைந்து முறை எறிந்து, அது கொண்டுவந்து கொடுக்கும்வரை தன் கையை நீட்டாமல் காத்திருக்கப் பழகலாம்.