மூன்று மாதம் இலவசம் – ஏன்?

புதிய கைப்பேசி வாங்குகிறோம். பெட்டியைப் பிரித்ததும், ‘பாட்டுச் சேவை மூன்று மாதம் இலவசம்’ என்ற சீட்டு கண்ணில் படுகிறது. லாபம் தேடும் நிறுவனம் எதையேனும் சும்மா கொடுக்குமா? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதற் காரணத்தை ஒகேனக்கல் பரிசலைக் கொண்டே விளக்கலாம். மூவர் அமர்ந்த பரிசலில் நான்காமவர் ஏறினால், ஓட்டுபவருக்கு உழைப்பு சற்றே கூடும். இன்னொரு பரிசல் தேவைப்படாது. தொலைத்தொடர்பும் அத்தகையதே. கோபுரங்கள் நிறுவவும், கண்ணாடி இழை பதிக்கவும் பெருஞ்செலவாகும். அவை அமைந்தபின், நெரிசல் இல்லாதவரை, இன்னொருவரைச் சேர்க்க ஆகும் செலவு மிகச் சொற்பம்.

இரண்டாவது, கருவியும் சேவையும் ஒன்றையொன்று சார்ந்தவை. முன்பு கைப்பேசி உரையாடலுக்கெனத் தனி வழி ஒதுக்கப்பட்டது. ‘வோல்ட்டி’ என்னும் முறையிலோ, குரலும் இணையத் தகவலைப் போலவே சிறுசிறு பொட்டலங்களாகச் செல்கிறது. ரிலையன்ஸ் ஜியோ இம்முறையையே நம்பி இறங்கியது. இவ்வசதியுள்ள கருவிகள் பரவினாலன்றி அதன் சேவைக்கு ஆள் சேராது. சேவை இல்லையேல் வசதியால் பயனில்லை. எனவே 2016-இல், முறையாகத் தொடங்குமுன்பே, தன் குழுமத்தின் ‘லைஃப்’ கைப்பேசிகளுடன் 3 மாத இலவசச் சேவையை இணைத்தது. செப்டம்பர் 5 அன்று எல்லோருக்கும் சேவை தொடங்கியது. இலவசம் 2017 மார்ச் 31 வரை நீண்டது. 170 நாட்களில் 10 கோடிப் பேர் சேர்ந்ததாக நிறுவனம் அறிவித்தது. பிறகு கட்டணம் வந்தது.

மூன்றாவது காரணம் நம்மிடமே உள்ளது. இயங்கும் பொருள், புறவிசை தடுக்காதவரை இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. சந்தாவும் ஏறக்குறைய அப்படித்தான்! பல சேவைகள் தொடக்கத்திலேயே வங்கி அட்டை எண்ணைப் பெற்றுக்கொள்கின்றன. இலவச நாட்கள் முடிந்ததும் பணம் தானே கழிகிறது. நிறுத்துவதற்கு நாம்தான் முயற்சி எடுக்க வேண்டும். பழக்கமும் சோம்பலும் அதற்கு இடந்தருவதில்லை.

இதற்குக் காப்பும் உண்டு. அட்டையிலிருந்து இவ்வாறு பணம் கழியுமுன், குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வெளியேற வழியின்றிச் சிக்கவைக்கும் ‘சந்தாப் பொறி’யை மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்தது.

ஆயினும் எளிய காப்பு நம் கையில்தான் இருக்கிறது. இலவசம் தொடங்கும் அன்றே, அது முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்த நாள் வருமுன், ‘காசு கொடுத்தும் இது வேண்டுமா?’ என்று எண்ணிப்பார்த்து முடிவு செய்யுங்கள்.