தாழ்த்திய பிக்கப் வண்டி அதிர்ந்தால்

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துவது அமெரிக்காவில் நெடுநாள் பழக்கம். ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளுக்கு இதற்கான பாகங்கள் தொகுப்பாகவே விற்பனைக்கு உள்ளன. லீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் அச்சை மேலே மாற்றிப் பொருத்தினால் வண்டி 5, 6 அங்குலம் இறங்கிவிடும். கூடவே கியர்பாக்ஸும் இறங்கும். பின் அச்சோ சக்கரத்தின் உயரத்திலேயே நிற்கும். இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு அதனால் மாறிப்போகிறது.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. கோணத்தில் சுழலும் ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை இரு முறை விரைவாக்கி இரு முறை தளர்த்தும். முன்னும் பின்னும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டிவிடும். சமம் குலைந்தால் அது அதிர்வாக வெளிப்படும். சக்கர விட்டம் 70 செ.மீ., டிஃபரன்ஷியல் விகிதம் 3.5 என்றால், 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,650 முறை சுழலும். அதிர்வு அதைப்போல் இரு மடங்கு. சக்கரத்துக்கு எத்தனை முறை பாலன்ஸ் பார்த்தாலும் இது போகாது.

“தாழ்த்தினால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்” என்று சொல்லும் பட்டறையை நம்பக் கூடாது. ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் தேய்ந்து, கியர் விழும்போது ‘டக்’கென்று சத்தம் வரத் தொடங்கும். முன் ஜாயின்ட் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்ட் சாலையில் குத்தி வண்டியையே தூக்கிவிடக்கூடும்.

பரிகாரம் அளவெடுப்பதில் தொடங்குகிறது. சமதளத்தில், வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதே அளக்க வேண்டும். அச்சு தொங்கும்படி லிஃப்டில் ஏற்றி எடுத்த அளவு செல்லாது. டிஜிட்டல் கோணமானியைக் கியர்பாக்ஸ் வால், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் முகப்பு ஆகிய மூன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி சரிந்து, ஷாஃப்ட் பின்னோக்கி 2 டிகிரி ஏறியிருந்தால் முன் ஜாயின்டின் கோணம் 5 டிகிரி. நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 3 டிகிரிக்குள் இருப்பதும், இரு ஜாயின்ட்களுக்கும் இடையே வேறுபாடு 1 டிகிரியைத் தாண்டாததும் நல்லது. கோணம் அறவே இல்லாவிட்டாலும் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே எஃகு ஆப்பு வைத்து டிஃபரன்ஷியல் முகப்பைத் திருப்பலாம். வேகமெடுக்கையில் முகப்பு தானாகவே மேலெழும் என்பதால், லீஃப் ஸ்பிரிங் வண்டியில் அதை 1, 2 டிகிரி கீழே வைப்பது வழக்கம். முன் கோணம் மிகுந்தால் கியர்பாக்ஸ் மவுன்டுக்கு ஷிம் வைக்க வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கின் உயரத்தை மாற்ற வேண்டும். அச்சை ஸ்பிரிங்குடன் இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ-போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டக் கூடாது. ஷாஃப்டின் முன்முனை கியர்பாக்ஸுக்குள் முட்டாமல் சுமார் ஓர் அங்குலம் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேறு நிறுவனத்தின் பாகம் பூட்டப்பட்டது என்பதை மட்டும் காட்டி வாரன்டியை மறுக்க, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னுசன்-மாஸ் சட்டம் இடம் தராது. அந்தப் பாகத்தால்தான் பழுது என்று நிறுவனம் காட்ட வேண்டும். தவறான கோணத்தால் ஜாயின்ட் உடைந்திருந்தால் மறுப்பு நியாயமே. எனவே வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த கோண அளவுகளைப் பில்லிலேயே எழுதி வாங்குவது உரிமையாளருக்குப் பெரிய காப்பு. மறுப்பையும் எழுத்தில் கேட்டுப் பெற்று, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் தரலாம்; சிறு வழக்கு நீதிமன்றத்தையும் நாடலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.